சென்சார், ஆபாசம், சட்டம்: காவிரிப் பக்கத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் கும்பகோணத்தில் வழக்கறிஞர். சட்ட விழிப்புணர்வு முகாம்களுக்காகப் பாபநாசம், வலங்கைமான், திருவிடைமருதூர் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கும் மகளிர் குழுக் கூட்டங்களுக்கும் போய் வருகிறேன். மைக்கைப் பிடித்து "சந்தேகம் இருந்தா கேளுங்க" என்றால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். கூட்டம் முடிந்து டீ வரும்போது ஒவ்வொருவராகப் பக்கத்தில் வந்து, குரலைத் தணித்துக்கொண்டு கேட்பார்கள். பத்து ஊரில் கேட்டாலும் கேள்வி ஒன்றாகவே இருக்கிறது. அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சேர்த்திருக்கிறேன். குரலைத் தணிக்க வேண்டிய விஷயம் இதில் எதுவும் இல்லை.

"சென்சார், ஆபாச கேஸு ரெண்டும் ஒரே சட்டம்தானே வக்கீலம்மா?"

இல்லை. சென்சார் என்று நாம் சொல்வது 1952-ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டம். பலர் கூடும் இடத்தில் ஒரு படத்தை ஓட்டுவதற்கு முன்பே அதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று அது சொல்கிறது. அங்கே முக்கியமான கேள்வி, எந்த வயதுக்காரர் இதைப் பார்க்கலாம் என்பது. ஆபாசச் சட்டம் குற்றவியல் சட்டம். ஒன்றை விற்ற பிறகு, காட்டிய பிறகு, பரப்பிய பிறகு, "இது குற்றமா?" என்று கேட்பது அது.

2024 ஜூலை 1-ஆம் தேதி முதல் அந்தக் குற்றவியல் பிரிவுகள் பாரதிய நியாய சன்ஹிதாவில் இருக்கின்றன. ஆபாசப் பொருளை விற்பது, காட்டுவது 294. குழந்தைக்கு விற்பது 295. பொது இடத்தில் ஆபாசச் செயல், பாட்டு, பேச்சு 296. அதற்கு முன் நடந்தவற்றுக்குப் பழைய ஐபிசி-யின் 292, 293, 294. பழைய 294 வேறு, புதிய 294 வேறு. நீதிமன்ற வளாகத்திலேயே இது இன்னும் குழப்புகிறது, அதனால் எண்ணைக் கேட்டவுடன் எந்தச் சட்டத்தின் எண் என்று கேட்டுக்கொள்ளுங்கள். போனில், கணினியில் நடந்தால் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் கூடச் சேரும்.

"யு, யுஏ, ஏ தெரியும். இப்ப யுஏ பக்கத்துல 13, 16-னு நம்பர் போடறாங்களே, அது என்ன?"

யு என்றால் எல்லோரும் பார்க்கலாம். ஏ என்றால் 18 வயது நிறைந்தவர்கள் மட்டும். 1983 வரை இந்த இரண்டுதான் இருந்தன. அந்த வருடம் யுஏ-வும், மருத்துவர்கள் மாதிரி குறிப்பிட்ட பிரிவினருக்கு மட்டுமான எஸ் என்பதும் வந்தன. படங்களுக்குச் சான்றிதழ் கொடுக்கும் மத்திய வாரியத்தின் பெயரிலிருந்த "தணிக்கை" போய் "சான்றிதழ்" வந்ததும் அப்போதுதான்.

2023-ல் சட்டத்தைத் திருத்தி யுஏ-வை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள். இந்த எண் பெற்றோருக்கான அறிவுரை. 10 வயதுப் பிள்ளையை யுஏ 13+ படத்துக்கு அம்மா அழைத்துப் போனால் தியேட்டர்காரர் தடுக்க முடியாது. முடிவு பெற்றோருடையது என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஏ மட்டும்தான் கதவைச் சாத்துகிற எழுத்து.

"யாரு உக்காந்து பாக்குறாங்க? நம்ம படத்தை பம்பாய்ல பாக்குறாங்களாமே?"

தலைமை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. ஆனால் சென்னை உட்பட ஒன்பது ஊர்களில் மண்டல அலுவலகங்கள் உண்டு. தமிழ்ப் படங்களைப் பெரும்பாலும் சென்னையில்தான் பார்க்கிறார்கள். முதலில் ஆய்வுக் குழு. அதன் முடிவு தயாரிப்பாளருக்குப் பிடிக்காவிட்டால் மறு ஆய்வுக் குழு. 2024 மார்ச்சில் வந்த புதிய விதிகள், வாரியத்திலும் குழுக்களிலும் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும், பாதி இருந்தால் நல்லது என்று சொல்கின்றன. திரையில் பெண்ணின் உடம்பைக் காட்டுவது சரியா என்று பேசும் மேசையில் பெண்கள் உட்காருவது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அதற்கும் மேலே போக முன்பு ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருந்தது. 2021 ஏப்ரலில் அதைக் கலைத்துவிட்டார்கள். இப்போது நேராக உயர் நீதிமன்றம்தான். சிறிய படம் எடுப்பவர்களுக்கு இது செலவு, அலைச்சல் இரண்டையும் கூட்டிவிட்டது.

"என் பையனுக்கு 17 வயசு. ஏ படத்துக்குப் போயிட்டு வந்துட்டான். போலீஸ் பிடிக்குமா?"

பிடிக்காது. பார்த்த பையன் மீது அந்தச் சட்டத்தில் குற்றம் இல்லை. உள்ளே விட்ட தியேட்டர்தான் பதில் சொல்ல வேண்டும். சான்றிதழ் இல்லாத படத்தை ஓட்டினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். டிக்கெட் கொடுக்கும் தம்பிகள் ஆதார் கேட்டால் கோபப்படாதீர்கள், பொறுப்பு அவர்கள் தலையில் இருக்கிறது.

"அந்தக் காலத்துல பிட்டுப் படம் ஓட்டுனாங்களே, அதெல்லாம் சென்சார் ஆனதுதானா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. என் அப்பா டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவர். கீற்றுக் கொட்டகை, மணல் தரை, ரீல் மாற்றும்போது இடைவேளை. அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் மாதங்களில்தான் கூட்டம் வரும். அந்த மாதங்களில் சில முதலாளிகளுக்கு ஆசை வரும். ஏ சான்றிதழ் வாங்கிய ஏதோ ஒரு படத்தை எடுத்து, அதற்குச் சம்பந்தமே இல்லாத சில நிமிடத் துண்டை நடுவில் ஒட்டுவார்கள். கத்தரித்து, ஓரத்தைச் சுரண்டி, சிமென்ட் தடவி ஒட்டினால் போதும். கதாநாயகி ஒரு ஊரில் நடந்துகொண்டிருப்பாள். அடுத்த நொடி வேறு முகம், வேறு அறை, வேறு நிறம். துண்டு முடிந்ததும் பழைய கதை தொடரும். சோதனைக்கு ஆள் வருகிறார் என்று தகவல் வந்தால் அந்தத் துண்டு ஆபரேட்டர் அறையிலிருந்து காணாமல் போய்விடும்.

அந்தத் துண்டுக்குச் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் வாங்கிய படத்தில் பிறகு எதையும் சேர்க்கவோ மாற்றவோ கூடாது என்பது சட்டம். சேர்த்தால் சான்றிதழ் இல்லாத படத்தை ஓட்டிய குற்றம், முந்தைய பதிலில் சொன்ன அதே தண்டனை. ஆபாச வழக்கும் தனியாக வரும். "ஒட்டு" என்று முதலாளி சொன்னபோது அப்பா வேலையை விட்டுவிட்டு வந்தார், இரண்டு மாதம் வீட்டில் சிரமம். அந்தத் துண்டுகளில் இருந்த பெண்களுக்குத் தங்கள் படம் எந்த ஊர்க் கொட்டகையில் ஓடுகிறது என்று தெரிந்திருக்குமா என்று அவர் கேட்டது எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது.

பழைய சான்றிதழ்களில் ஓரத்தில் ஒரு முக்கோணம் இருந்தால், வாரியம் சொல்லிச் சில இடங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன என்று அர்த்தம். வெட்டியதற்கு அடையாளம் இருந்தது. கொட்டகையில் ஒட்டியதற்கு ஏது அடையாளம்?

"ஏ-ன்னா அந்த மாதிரிப் படம்தானே?"

இல்லை. ரத்தம், வெட்டு, குத்து அதிகம் இருந்தாலும் ஏ. போதைப் பழக்கத்தை விவரமாகக் காட்டினாலும் ஏ வரலாம். எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும் குழந்தைக்கு ஏற்றதில்லை என்றால் ஏ. முழுக்க முழுக்க உடலுறவைக் காட்டும் படத்துக்கு இந்தியாவில் சான்றிதழே கிடையாது, ஏ-வும் கிடையாது. நம் ஊரில் ஏ என்ற எழுத்துக்கு வந்த கெட்ட பெயருக்குப் பிட்டுக் கொட்டகைகள்தான் காரணம். போஸ்டரில் அந்த எழுத்தை மட்டும் ஆள் உயரத்துக்குப் போட்டார்கள்.

"அப்படின்னா தயாரிப்பாளருங்க யு வேணும், யுஏ வேணும்னு ஏன் அவ்வளவு சண்டை போடறாங்க?"

பணம். 2006-ல் தமிழில் பெயர் வைத்த படங்களுக்குத் தமிழக அரசு கேளிக்கை வரி விலக்குக் கொடுத்தது. 2011-ல் அதற்கு யு சான்றிதழும் வேண்டும் என்று நிபந்தனை வந்தது. ஒரே ஒரு எழுத்தில் ஒரு படத்தின் லாப நஷ்டம் தொங்கியது. "இந்த நாலு இடத்தை வெட்டினா யு, இல்லேன்னா யுஏ" என்றால் தயாரிப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவார், இயக்குநர் அழுவார். 2017-ல் ஜிஎஸ்டி வந்ததும் அந்தக் கணக்கு மாறியது.

இப்போது இருப்பது டிவி கணக்கு. ஏ படத்தை அப்படியே டிவியில் போட முடியாது. வெட்டி, யுஏ-வுக்கு இறக்கி, அதற்கென்று தனியாகச் சான்றிதழ் வாங்க வேண்டும்.

"சரி, ஆபாசம்னா என்ன? எதை வெச்சு அளக்குறாங்க?"

சட்டத்தின் சொற்களை எளிமையாகச் சொன்னால், காம உணர்ச்சியைத் தூண்டுவதையே நோக்கமாகக் கொண்டது, அல்லது பார்ப்பவர், படிப்பவர் மனதைக் கெடுக்கக்கூடியது. புதிய 294-இன் கீழ் முதல் முறை தண்டனை பெற்றால் இரண்டு ஆண்டு வரை சிறையும் 5,000 ரூபாய் வரை அபராதமும். மறுமுறை ஐந்து ஆண்டு, 10,000 ரூபாய்.

அளவுகோல் காலத்தோடு நகர்ந்திருக்கிறது. 1868-இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கில் சொன்ன அளவுகோலை 1964-இல் நம் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டு, ஓர் ஆங்கில நாவலை விற்ற மும்பைப் புத்தகக் கடைக்காரரின் தண்டனையை உறுதி செய்தது. எளிதில் கெடக்கூடிய மனதுள்ள ஒருவர் கையில் அது கிடைத்தால் என்ன ஆகும் என்று பார்ப்பதுதான் அந்த அளவுகோல். அதை வைத்தால் பாதி இலக்கியம் பெட்டிக்குள் போய்விடும். 2014-இல் உச்ச நீதிமன்றம் அதைக் கைவிட்டது. ஒரு டென்னிஸ் வீரரும் அவருடைய வருங்கால மனைவியும் நிறவெறியைக் கண்டித்து எடுத்துக்கொண்ட ஆடையில்லாப் படத்தை ஒரு பத்திரிகை வெளியிட்ட வழக்கு அது. படத்தை முழுதாகப் பார், அது சொல்ல வந்ததைப் பார், இன்றைய சமூகத்தின் சராசரி மனிதர் கண்ணால் பார் என்று தீர்ப்பு சொன்னது. ஆடை இல்லாதது மட்டுமே ஆபாசம் ஆகிவிடாது.

2024 மார்ச்சில் இன்னொரு படி. ஓர் இணையத் தொடரில் கெட்ட வார்த்தை நிறைய இருந்ததற்காகத் தொடர்ந்த வழக்கை ரத்து செய்து, அசிங்கமான பேச்சு வேறு, ஆபாசம் வேறு என்று உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. காதுக்குக் கூசுவது எல்லாம் காமத்தைத் தூண்டுவது ஆகாது.

"நம்ம தேர்லயே அப்படிச் சிற்பம் இருக்கே! அது மட்டும் ஆபாசம் இல்லையா?"

இதைக் கேட்டவர் ஒரு பாட்டி. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. சட்டத்தை எழுதியவர்களுக்கும் இது தோன்றியிருக்கிறது. பழைய 292-லும் புதிய 294-லும் விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. கோயிலில் உள்ள சிற்பம், ஓவியம், பழஞ்சின்னங்களில் உள்ளவை, அதோடு சாமியைத் தூக்கிப் போகும் தேரில் உள்ளவை, எதற்கும் இந்தப் பிரிவு பொருந்தாது. தேர் என்று தனியாகவே குறிப்பிட்டிருக்கிறார்கள். திருவாரூர் ஆழித் தேரிலிருந்து கும்பகோணத்துத் தேர்கள் வரை மரச்சிற்பத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதே விதிவிலக்கில் அறிவியல், இலக்கியம், கலை, கல்வி ஆகியவற்றின் நலனுக்காக வெளியிடுவதும் இருக்கிறது. உடற்கூறு பாடம் நடத்தும் டீச்சர் பயப்பட வேண்டாம்.

ஆனால் இலக்கியத்துக்கு விதிவிலக்கு எப்போதும் எளிதில் கிடைத்துவிடவில்லை. தஞ்சாவூரில் 1739 முதல் 1763 வரை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் முத்துப்பழனி என்ற பெண் கவிஞர் இருந்தார். ராதையின் காதலையும் ஏக்கத்தையும் ஒரு பெண்ணின் பக்கமிருந்து தெலுங்கில் காவியமாகப் பாடினார். அதன் பெயர் ராதிகா சாந்த்வனமு. 1910-இல் பெங்களூரு நாகரத்னம்மாள் அதை முழுதாகப் பதிப்பித்தார், திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பினாரே அவரேதான். பெண்ணே இப்படி எழுதலாமா என்று எதிர்ப்பு கிளம்பியது, ஆங்கிலேய அரசு ஆபாசம் என்று சொல்லிப் பிரதிகளைப் பறித்தது. 1947-இல் சென்னை மாகாணத்தின் பிரகாசம் அரசுதான் தடையை நீக்கியது. ஆண்கள் எழுதிய சிருங்காரம் இருக்கும் இடத்தில் இருக்க, இவர் எழுதியது மட்டும் குற்றம் ஆனது எப்படி என்று நாகரத்னம்மாளே அன்று கேட்டார். ஆபாச வழக்கு ஒன்று கைக்கு வரும்போதெல்லாம் நானும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்: யார் சொன்னதால் இது ஆபாசம் ஆனது?

"சென்சார் ஆன படத்து மேல கேஸ் போட முடியாதா? ஊர்ல எதிர்ப்பு இருந்தா கலெக்டர் நிறுத்தலாமா?"

வழக்குப் போடுவதை யாரும் தடுக்க முடியாது; நிற்பது கஷ்டம். வாரியம் சான்றிதழ் கொடுத்ததை நம்பி ஓட்டியவருக்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று 1979-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சான்றிதழைத் தவறாகக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தால் அந்தச் சான்றிதழை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர் மதுரைக் கிளைக்கும், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் ஆட்கள் சென்னைக்கும் போக வேண்டும்.

கலெக்டர் கையில் 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சினிமா ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. தியேட்டர் உரிமம் கொடுப்பவர் அவர். அமைதி கெடும் என்றால் ஒரு படத்தை நிறுத்தி வைக்கும் அதிகாரமும் அதில் உண்டு. ஆனால் இடஒதுக்கீடு பற்றிய ஒரு தமிழ்ப் படத்தின் வழக்கில், 1989-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வரம்பு போட்டது. கலாட்டா செய்வோம் என்று மிரட்டுகிறார்கள் என்பதற்காகப் பேச்சுரிமையை நிறுத்தக் கூடாது, பாதுகாப்புக் கொடுப்பது அரசின் கடமை. எதிர்ப்பவர் கத்தலாம், கறுப்புக் கொடி காட்டலாம். டிக்கெட் வாங்கியவர் பார்க்கலாம்.

"வீட்டுல தனியா போன்ல பாத்தா தப்பா?"

இதைக் கேட்காத ஆண்கள் கல்லூரி இல்லை. 18 வயது நிறைந்தவர், பெரியவர்கள் நடித்த ஒன்றை, தனியாக, யாருக்கும் காட்டாமல், அனுப்பாமல் பார்ப்பதைத் தண்டிக்கும் பிரிவு இல்லை. 2023-இல் கேரள உயர் நீதிமன்றமும் இதைச் சொல்லி ஒரு வழக்கை ரத்து செய்தது. அனுப்பினால், பதிவேற்றினால், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிகிற மாதிரி வைத்தால் நிலைமை வேறு. ஐடி சட்டம் 67-இல் மூன்று ஆண்டு வரை. வெளிப்படையான பாலியல் செயல் என்றால் 67ஏ, ஐந்து ஆண்டு வரை சிறை, பத்து லட்சம் வரை அபராதம்.

குழந்தைகள் சம்பந்தப்பட்டது என்றால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அதைத் தேடுவது, பார்ப்பது, இறக்குவது எல்லாமே ஐடி சட்டம் 67பி-யில் குற்றம். தரவிறக்கிப் பார்த்தது மட்டும் குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வந்ததை அழிக்காமல், புகாரும் கொடுக்காமல், பரப்பும் எண்ணத்தோடு வைத்திருப்பதே போக்சோ 15-ஆம் பிரிவில் குற்றம். அதை "ஆபாசப் படம்" என்றும் சொல்லாதீர்கள், அது ஒரு குழந்தைக்கு நடந்த வன்கொடுமையின் பதிவு. உச்ச நீதிமன்றமும் அந்தப் பழைய பெயரை மாற்றச் சொல்லியிருக்கிறது.

"குரூப்ல எவனோ போட்டுட்டான். நான் வெறும் அட்மின். என்னையும் சேப்பாங்களா?"

அட்மினாக இருந்தது மட்டும் குற்றம் இல்லை என்று 2021-இல் மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது. போடச் சொன்னீர்கள், கூடச் சேர்ந்து செய்தீர்கள் என்றால் வேறு. பார்த்தவுடன் அதை நீக்குங்கள், போட்டவரையும் நீக்குங்கள். "யாருன்னு தெரியுதா பாரு" என்று இன்னொரு குரூப்புக்கு அனுப்பினால் நீங்களும் பரப்பியவர்தான்.

"ஓடிடி-க்கு சென்சாரே கிடையாதாமே?"

வாரியத்தின் சான்றிதழ் கிடையாது. 2021 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி அந்த நிறுவனங்களே யு, யுஏ 7+, 13+, 16+, ஏ என்று வகை போட வேண்டும். 13+ முதல் பெற்றோர் பூட்டு வசதி தர வேண்டும், ஏ-வுக்கு வயதைச் சரிபார்க்க வேண்டும். புகார் கொடுத்தால் 15 நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பூட்டை எப்படிப் போடுவது என்று முகாமில் போனை வாங்கிக் காட்டியிருக்கிறேன். பெரும்பாலான அம்மாக்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் தெரிகிறது. ஆபாசச் சட்டம் ஓடிடி-க்கும் பொருந்தும். 2024 மார்ச்சில் மத்திய அரசு 18 தளங்களை முடக்கியது.

"திருவிழாவுல ஆடல் பாடல் வெக்கிறோம். பாதியில போலீஸ் நிறுத்துது. ஏன்?"

பொது இடத்தில் மற்றவருக்குத் தொல்லையாக ஆபாசமாக ஆடுவதும் பாடுவதும் 296. மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உயர் நீதிமன்றம் அனுமதி தரும்போதே ஆபாச நடனம் கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, இத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டுத் தருவது வழக்கம். மீறினால் நிறுத்தத்தான் செய்வார்கள்.

விழாக் குழுவினரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். வழக்கு வந்தால் பெரும்பாலும் மேடையில் ஆடிய பெண்தான் முதலில் நிற்கிறாள். அவளுக்கு அட்வான்ஸ் கொடுத்து, இப்படி ஆடு என்று சொன்னவர் கூட்டத்தில் கலந்துவிடுகிறார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் பெயரும் வழக்கில் வர வேண்டும்.

"வாய்க்கால் தகராறுல திட்டுனதுக்கு 294(பி) போட்டிருக்காங்க. அதுவும் ஆபாசமா?"

நம் மாவட்டங்களில் வரப்பு, வாய்க்கால், மடைத் தண்ணீர் என்று எந்தச் சண்டை நடந்தாலும் எஃப்ஐஆரில் பழைய ஐபிசி 294(பி) முதலில் வந்துவிடும். இப்போது அது 296(பி). எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. ஆனால் வெறும் வசவு இதில் வராது என்று 2022-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. என்ன சொல் சொன்னார் என்று புகாரில் இருக்க வேண்டும், அது பாலியல் அர்த்தத்தில் இருக்க வேண்டும், கேட்டவருக்குத் தொல்லை ஏற்பட்டிருக்க வேண்டும். ஆபாசத்தை அளப்பது பற்றி முன்பே சொன்ன 2024 தீர்ப்பும் இதே வழிதான்.

"என் பொண்ணு படத்தை ஒருத்தன் பரப்பிட்டான். கேஸ் குடுத்தா பேரு வெளிய வந்துடும்னு அவங்க அப்பா வேணாங்கிறாரு."

பெயர் வராது. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவில் குற்றம், சிறுமி என்றால் போக்சோவிலும் குற்றம். வழக்கு எந்தப் பிரிவில் பதிவானாலும், பெயரை மறைக்கச் சொல்லி நாங்கள் முதல் நாளே மனு போடுவோம். அந்தரங்கமாக இருக்கும் பெண்ணைப் படம் எடுப்பதும் பரப்புவதும் அதே சட்டத்தின் 77. முதல் முறை குறைந்தது ஒரு ஆண்டு, மூன்று ஆண்டு வரை சிறை. கூடவே ஐடி சட்டம் 66இ, 67, 67ஏ. இந்தப் புகாரைப் பெண் காவலர்தான் எழுத வேண்டும். நடந்த இடம் வேறு எல்லை என்றாலும் எந்த நிலையத்திலும் வாங்க வேண்டும். மத்திய அரசின் சைபர் குற்றத் தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம், எண் 1930. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு, 15100-க்குக் கூப்பிடுங்கள்.

முதலில் செய்ய வேண்டியது: படம் வந்த எண், கணக்கின் பெயர், இணைப்பு, தேதி தெரிகிற மாதிரி திரையைப் பிடித்து வையுங்கள். அவன் அனுப்பிய மிரட்டலை அழிக்காதீர்கள். அது எந்தத் தளத்தில் இருக்கிறதோ அங்கே அந்தப் பெண்ணோ அவள் சார்பில் ஒருவரோ புகார் கொடுத்தால் அவர்கள் எடுத்தாக வேண்டும். 2021 விதிகள் அதற்கு 24 மணி நேரம் என்று கெடு வைத்தன. என்னிடம் வந்த ஒரு பெண் ஆறு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஆறு மாதமும் அவன் பணம் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"அவளே ஆசைப்பட்டு எடுத்து அனுப்புனதுதானே? அப்புறம் அவன் மேல எப்படிக் குத்தம்?"

இதைத்தான் ஊரும் கேட்கிறது, உறவும் கேட்கிறது. ஒரு காவல் நிலையத்தில் நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அந்தப் பெண்ணிடம் கேட்டார்கள். நான் 77-ஆம் பிரிவின் இரண்டாம் விளக்கத்தை எடுத்துப் படித்துக் காட்டினேன். படம் எடுக்கச் சம்மதித்தவள் அதை மற்றவருக்குக் காட்டச் சம்மதிக்கவில்லை என்றால், காட்டியது குற்றம். சட்டப் புத்தகத்திலேயே அச்சாகியிருக்கிறது. எழுதிக்கொண்டிருந்த பெண் காவலர் ஒரு நிமிடம் நிறுத்தி, புத்தகத்தை வாங்கி அவரே ஒரு முறை படித்தார். பிறகு பக்கத்தைத் திருப்பி, "நீ சொல்லும்மா, எந்தத் தேதியில அனுப்பினான்?" என்று கேட்டார்.